குதிரை போகும் தூரம்

ஹோம்ஸ் கவுன்ட்டிக்குள் நுழைந்துவிட்டால் நான் 'இங்கிலீஷ்'காரன். அங்கே வாழும் ஆமிஷ் மக்கள், சொந்தக் காரும் மின்கம்பியும் வேண்டாம் என்று குதிரை வண்டியோடு வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவு. அவர்கள் பேச்சில் மனிதர்கள் இரண்டே வகை: அவர்கள், அப்புறம் இங்கிலீஷ். சொந்தமாகக் கார் வைத்திருப்பவர், சுவரில் சுவிட்ச் போட்டு விளக்கேற்றுபவர் எல்லோரும் இங்கிலீஷ்தான். முதல் தடவை ஒரு மரப்பட்டறைக்குப் போனபோது, வயதான தச்சர் உள்ளே இருந்த மகனைத் தங்கள் மொழியில் கூப்பிட்டு ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது 'இங்கிலீஷ்' என்ற ஒரு சொல் மட்டும். எந்த வெள்ளைக்காரர் வந்திருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒரு கோழிதான் நின்றது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில். அங்கிருந்து வடகிழக்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் ஹோம்ஸ் வந்துவிடும். கவுன்ட்டி என்றால் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் குட்டி மாவட்டம். 2020 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகையே 44,223. அதில் ஏறக்குறைய பாதி ஆமிஷ். பெரிய நெடுஞ்சாலை எதுவும் கவுன்ட்டிக்குள் போகவில்லை. 71-ம் எண் மேற்கே விலகிப் போகிறது, 77-ம் எண் கிழக்கே. 1824-ல் கவுன்ட்டி உருவானபோது, 1814-ல் மக்கினா தீவுச் சண்டையில் செத்துப்போன ஆண்ட்ரூ ஹோம்ஸ் என்ற ராணுவ அதிகாரியின் பெயரை வைத்தார்கள். துப்பாக்கியை மனிதனுக்கு எதிராகத் தூக்கவே மாட்டோம் என்று 500 வருடமாகச் சொல்லிவரும் கூட்டம் பாதி ஊரை நிரப்பியிருக்க, ஊருக்கு ஒரு போர்வீரர் பெயர். இதைப் பற்றி அங்கே யாரும் அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"அங்க அப்படி என்னதான் இருக்கு?" என்று நண்பர்கள் கேட்பார்கள். வருடத்துக்கு மூன்று நான்கு தடவையாவது போகிறவன் என்பதால் என்னிடம் ஒரு பதில் எதிர்பார்க்கிறார்கள். சீஸ் இருக்கிறது, மரச்சாமான் இருக்கிறது என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். அங்கே போனால் முதலில் வேகம் குறைகிறது என்பதுதான் உண்மையான பதில். அதைச் சொன்னால் தியான வகுப்புக்கு ஆள் சேர்ப்பவன் மாதிரி இருக்கும் என்று சொல்வதில்லை.

வேகம் குறைவது மனசில் அல்ல, சாலையில். பழைய பனிக்காலத்தில் வடக்கிலிருந்து நகர்ந்துவந்த பனிப்பாளம் இந்தக் கவுன்ட்டியின் பாதியில் நின்றுவிட்டது. அது மிதித்துப்போன வடமேற்குப் பக்கம் மட்டமாக இருக்கும். மிதிக்காத கிழக்குப் பக்கம் மேடும் பள்ளமுமாக, தொட்டில் தொட்டிலாக. அந்த மேட்டின் உச்சியில் ஏறி இறங்கும் நொடியில் முன்னால் ஒரு கறுப்புக் குதிரை வண்டி போய்க்கொண்டிருக்கும். நீங்கள் மணிக்கு 55 மைல், வண்டி 8 அல்லது 10 மைல். பிரேக்கில் காலை வைத்தபடியே மேடு ஏறப் பழகிக்கொள்ள வேண்டும். வண்டியின் பின்னால் ஆரஞ்சு நிற முக்கோணம் இருக்கும். 2022 முதல் ஒஹாயோவில் விட்டுவிட்டு எரியும் மஞ்சள் விளக்கும் கட்டாயம். ஸ்வார்ட்சென்ட்ரூபர் என்ற மிகக் கட்டுப்பாடான பிரிவினர் அந்த முக்கோணத்தையே பகட்டு என்று மறுப்பவர்கள்; சாம்பல் நிறப் பிரதிபலிப்பு நாடாவும் ஒரு லாந்தரும் போதும் என்பார்கள். இருட்டில் அவர்கள் வண்டிக்குப் பின்னால் ஒருமுறை வந்து சேர்ந்தபோது என் மனைவி கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. மத நம்பிக்கை மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் விளக்கு விஷயத்தில் நான் சட்டத்தின் பக்கம்.

அந்தக் குதிரைகளில் நிறைய, பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவை. வண்டி இழுத்து ஓடும் பந்தயங்களுக்கென்று வளர்க்கும் ஸ்டாண்டர்ட்பிரட் என்ற இனம். பந்தயத்தில் போதிய வேகம் இல்லை என்று கழித்துக்கட்டியதை இவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். வண்டி இழுக்க ஏற்கெனவே பழகியிருக்கும், கொஞ்சம் சாலைச் சத்தம் பழக்கினால் போதும். ஒரு குதிரை தினமும் அலுக்காமல் போய்த் திரும்பக்கூடிய தூரம் பத்துப் பன்னிரண்டு மைல். இந்தக் கணக்கு மண்டையில் ஏறியதும்தான் கவுன்ட்டி முழுவதும் எனக்குப் புரிய ஆரம்பித்தது.

ஆமிஷ் மக்களுக்குத் தேவாலயக் கட்டடம் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில், அல்லது அவர் கொட்டகையில் வழிபாடு. முதுகு சாயாத நீள பெஞ்சுகளை ஏற்றிய ஒரு மூடு வண்டி வீடு வீடாக மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வீட்டில் அத்தனை பேரும் உட்கார முடியவேண்டும், அத்தனை பேரும் குதிரை வண்டியில் வந்து சேர முடியவேண்டும். அதனால் ஒரு சபை என்பது இருபதிலிருந்து நாற்பது குடும்பம். பிள்ளைகள் பெருகி வீடு கொள்ளாமல் போனால் சபை இரண்டாகப் பிரியும். பள்ளிக்கூடம் பிள்ளைகள் நடக்கும் தூரத்தில். லாடம் அடிப்பவர், சேணம் தைப்பவர், மளிகைக்கடை எல்லாம் வண்டி தூரத்துக்குள். ஒரு குதிரையின் மூச்சு எங்கே வாங்குகிறதோ அங்கே அவர்கள் ஊர் முடிகிறது.

கார் பாவம் என்பதால் வேண்டாம் என்கிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. காரில் ஏறலாம், சொந்தமாக வைத்துக்கொள்ளத்தான் கூடாது. தூரப் பயணத்துக்கு மைலுக்கு இவ்வளவு என்று பேசி வேன் ஓட்டும் 'இங்கிலீஷ்' ஓட்டுநர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆட்களுக்கு இது நல்ல பிழைப்பு. குளிர்காலத்தில் பேருந்து பிடித்து ஃப்ளோரிடாவுக்கே போகிறார்கள். சரசோட்டாவில் பைன்கிராஃப்ட் என்று ஒரு பேட்டை, அங்கே கறுப்புத் தொப்பியும் நீண்ட தாடியுமாக மூன்று சக்கர சைக்கிளில் திரிவார்களாம். நான் போனதில்லை. கார் ஏன் சொந்தமாகக் கூடாது என்பதற்குத் தச்சர் எனக்குச் சொன்ன விளக்கம் இது: வாடகைக்கு எடுத்தால் யோசித்துப் போவோம். வாசலில் நின்றால் நினைத்தபோதெல்லாம் கிளம்பிவிடுவோம், பிள்ளைகள் தூரத்தில் வேலை தேடுவார்கள், கடைசியில் வீடு காலியாகும். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கார் நிற்கிறது.

அந்தத் தச்சரிடம் ஒரு சாப்பாட்டு மேஜை சொல்லியிருந்தேன். செர்ரி மரம், எட்டுப் பேர் உட்காரும் அளவு. அக்டோபரில் பேசினோம். பிப்ரவரி மார்ச் ஆகும் என்றார்.

அவர் பட்டறைக்குள் நுழைந்தால் ரம்பம், இழைப்பு இயந்திரம், துளைக்கருவி எல்லாம் நவீனமாக, உறுமிக்கொண்டு ஓடும். மின்கம்பி மட்டும் இருக்காது. வெளியே ஒரு கொட்டகையில் டீசல் எஞ்சின்; அது கம்ப்ரசரை ஓட்டும்; குழாயில் அழுத்தக் காற்று உள்ளே வந்து கருவிகளைச் சுழற்றும். 'ஆமிஷ் மின்சாரம்' என்று இதை அவர்களே கிண்டலாகச் சொல்வார்கள். கூரையில் சூரியத் தகடு வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. மின்சார சைக்கிள் சில சபைகளில் சரி, சிலவற்றில் கூடாது. எல்லாவற்றையும் சபை கூடிப் பேசி முடிவு செய்கிறது. அந்த எழுதாத விதிகளுக்கு 'ஓர்ட்னுங்' என்று பெயர், ஒழுங்கு என்று சொல்லலாம். ஒரே கிராமத்தில் நாலைந்து வகை ஆமிஷ் இருப்பதால் பக்கத்து வீட்டில் இருப்பது நம் வீட்டில் கூடாது என்று ஆகும். பிள்ளைகள் அதற்கு என்ன மூக்கால் அழுவார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். என் வீட்டிலும் ஐபேடு பற்றி இதே வழக்கு நடக்கிறது.

தொலைபேசி வீட்டுக்குள் கூடாது, வீட்டுக்கு வெளியே சரி. வயல் ஓரத்தில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு மரப்பெட்டி மாதிரி ஒன்று நிற்கும், அதற்குள் போன், குரல் அஞ்சல். மேஜை என்னாயிற்று என்று ஜனவரியில் சேதி விட்டேன். மூன்றாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்குத் திருப்பிக் கூப்பிட்டார். மாடு கறந்துவிட்டு வந்து கூப்பிடுகிறாராம். இன்னும் மரம் காயவில்லை என்றார். அதைத் தெரிந்துகொள்ள எனக்கும் அவசரமில்லை என்பது அந்நேரத்தில் எழுந்த பிறகுதான் தெரிந்தது.

விவசாயம்தான் தொழில் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். நிலத்தின் விலை ஏறியதும் பெரும்பாலான ஆண்கள் மரவேலை, கட்டட வேலை, தகர வேலை என்று மாறிவிட்டார்கள். ஆனாலும் ஜூலையில் போனால் ஓட்ஸ் அறுத்துக் கட்டுக்கட்டாகக் கூம்பு போல நிறுத்தியிருக்கும் வயல்களைப் பார்க்கலாம். பெர்ஷரான், பெல்ஜியன் என்ற ராட்சசக் குதிரைகள் நான்கு ஐந்து சேர்ந்து உழும். திங்கட்கிழமை துவைக்கும் நாள். வீட்டுச் சுவரிலிருந்து உயரமான கம்பம் வரை கப்பியில் ஓடும் கொடியில் கால்சட்டைகள் அளவு வாரியாக, பெரிசிலிருந்து சிறிசு வரை ஆடிக்கொண்டிருக்கும். வீட்டில் எத்தனை பிள்ளை, யாருக்கு என்ன வயது என்று சாலையில் போகிறபோதே எண்ணிவிடலாம். நீலம், ஊதா, அடர்பச்சை, கறுப்பு. பூப்போட்ட துணி ஒன்றுகூட இருக்காது.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள பெர்லின் ஊருக்குப் போகவேண்டும். ஜெர்மன் தலைநகரின் அதே எழுத்துகள்தான், உச்சரிப்பு மட்டும் வேறு: முதல் அசையில் அழுத்தம் கொடுத்து 'பர்லின்' என்பார்கள். ஊரின் மையத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. சனிக்கிழமை ஒரு கிலோமீட்டர் போக அரை மணி நேரம், கடைக்குக் கடை மெழுகுவத்தி வாசனை, எங்கோ அச்சடித்த பலகைகள். ஆனால் ஊருக்குச் சற்று வெளியே ஆமிஷ், மென்னோனைட் (ஆமிஷுக்கு உறவான இன்னொரு கிறிஸ்தவப் பிரிவு) பாரம்பரிய மையம் இருக்கிறது. அங்கே 'பெஹால்ட்' என்ற வட்ட ஓவியம். உயரம் 10 அடி, நீளம் 265 அடி, ஒரு வட்ட அறையின் சுவர் முழுக்கச் சுற்றி வருகிறது. ஹைன்ஸ் கௌகல் என்ற ஜெர்மன் ஓவியர் 1978-ல் தொடங்கி 1992-ல் முடித்தது. அவர் ஆமிஷ்காரர் அல்ல, மென்னோனைட்டும் அல்ல. 1525-ல் ஜூரிக் நகரில் சிலர், குழந்தைக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்து தானாக முடிவெடுத்தவனுக்குத்தான் அது என்று சொல்லி ஒருவருக்கொருவர் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். அதற்காக அவர்களை ஆற்றில் மூழ்கடித்தார்கள், எரித்தார்கள். 1693-ல் யாக்கோப் அம்மன் என்பவர் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது என்று தனியே பிரிந்தார். அவர் வழி வந்தவர்கள் ஆமிஷ். (அம்மன் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு வந்த சிரிப்பை வழிகாட்டி அம்மாவிடம் விளக்க முடியவில்லை.) அந்த ஓவியத்தைச் சுற்றி நடந்து முடிக்கும்போது மீசை இல்லாத தாடிக்கும் காரணம் கிடைக்கும்: அந்தக் காலத்து ஐரோப்பாவில் முறுக்கு மீசை ராணுவக்காரன் அடையாளம்.

இந்தப் பக்கம் முதலில் வந்து குடியேறியவர் ஜோனஸ் ஸ்டுட்ஸ்மன், 1809-ல், வால்நட் க்ரீக் அருகே. பிற்காலத்தில் அவர் வெள்ளை உடை மட்டுமே உடுத்தினார், 'வெள்ளைக்காரர்' என்றே பெயர் ஆகிவிட்டது. 1853-ல் இயேசு திரும்பி வருவார் என்று கணித்து வைத்திருந்தார். அந்த வருடம் வந்து போனது, அவர் வெள்ளை உடையை விடவில்லை.

எனக்கு அங்கே மிகவும் பிடித்த விஷயத்தை ஓவியத்தில் பார்க்க முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். போதகரைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். சபையினர் ஒவ்வொருவராக ஒரு பெயரை மெதுவாகச் சொல்வார்கள். சில பேராவது சொன்ன பெயர்கள் எல்லாம் பட்டியலுக்கு வரும். அத்தனை பாட்டுப் புத்தகங்களை மேஜையில் அடுக்குவார்கள், ஒன்றில் மட்டும் வேத வசனம் எழுதிய துண்டுச் சீட்டு இருக்கும். ஆளுக்கொரு புத்தகம் எடுக்கவேண்டும். சீட்டு யார் கையில் வந்ததோ அவர் அந்த நிமிடத்திலிருந்து போதகர். சம்பளம் கிடையாது, படிப்பு கிடையாது, ஆயுள் முழுக்க இறங்கவும் முடியாது. அதைப் பாக்கியமாக நினைப்பதைவிடப் பாரமாக நினைத்து அழுபவர்களே அதிகமாம். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாடத்தில் படித்த யாருக்கும் குடவோலை நினைவுக்கு வராமல் இருக்காது. அங்கே பதவி 360 நாளோடு முடிந்தது. யார் கெட்டிக்காரர்கள் என்று தச்சரிடம் கேட்டேன். "360 நாள் என்றால் நானும் ஒத்துக்கொள்வேன்," என்றார்.

அவர்கள் பேச்சைப் பற்றியும் அவரோடு ஒருநாள் பேசினேன். வீட்டில் பேசுவது பென்சில்வேனியா டச்சு, பெயரில் டச்சு என்றாலும் தென்மேற்கு ஜெர்மனியின் பழைய வட்டாரப் பேச்சு. அதை யாரும் பெரிதாக எழுதுவதில்லை. வேதமும் பாட்டும் உயர் ஜெர்மனில். அவர்கள் பாடும் அவுஸ்பண்ட் என்ற பாட்டுப் புத்தகம் 16-ம் நூற்றாண்டில் சிறையில் கிடந்தவர்கள் எழுதிய பாடல்களிலிருந்து வளர்ந்தது. அதில் ஒரு பாட்டை மட்டும் இருபது நிமிடம் இழுத்துப் பாடுவார்களாம். எழுதப் படிக்க ஆங்கிலம், அதுவும் பள்ளிக்குப் போன பிறகுதான். வீட்டில் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது இன்னொன்று, வேலைக்கு ஆங்கிலம் என்று எங்கள் கதையைச் சொன்னேன். அன்றைக்கு மட்டும் நான் அவ்வளவாக இங்கிலீஷாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

பள்ளி விஷயத்தில் எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். விஸ்கான்சின் மாநிலத்தில் அதற்கு மேல் பிள்ளைகளை அனுப்ப மறுத்த தகப்பன்மார் மேல் வழக்குப் போட்டார்கள். 1972-ல் உச்ச நீதிமன்றம் ஆமிஷ் பக்கம் தீர்ப்பளித்தது. 14 வயதில் பையன் பட்டறையில் அப்பாவோடு நிற்கிறான், அளவெடுக்கிறான், கணக்குப் பார்க்கிறான், 20 வயதில் சொந்தத் தொழில். அதை நேரில் பார்க்கும்போது குறை சொல்லத் தோன்றாது. ஆனால் ஒரு துணிக்கடையில், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் நூலகப் புத்தகத்தை மேஜைக்கு அடியில் வைத்து விழுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன், பதினாறு வயது இருக்கும். அவளுக்கு ஒன்பதாம் வகுப்பு வேண்டுமா என்று யார் கேட்டிருப்பார்கள்? சேர்வதா வேண்டாமா என்று வளர்ந்த பின் தானே முடிவெடுத்து ஞானஸ்நானம் பெறும் சமூகம்தான். பெரும்பாலானோர் சேரவும் செய்கிறார்கள். கேள்வி எனக்கு அப்படியே நிற்கிறது.

மருத்துவச் செலவுக்குக் காப்பீடு வாங்குவதில்லை. சபை கொடுக்கும். போதவில்லை என்றால் ஏலம் போடுவார்கள், ஒட்டுத்துணிப் போர்வையும் மரச்சாமானும் 'பை' என்ற பலகாரமும் விற்றுப் பணம் சேரும். வயதானவர்களைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வதால் அரசாங்க ஓய்வூதியம் வேண்டாம், வரியும் வேண்டாம் என்று கேட்டு 1965-ல் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு விலக்கு வாங்கினார்கள். பெரிய வீட்டை ஒட்டி ஒரு சின்ன வீடு கட்டியிருப்பதை எல்லாப் பண்ணையிலும் பார்க்கலாம். அது தாத்தா பாட்டி வீடு. பண்ணையை மகனிடம் கொடுத்துவிட்டு அதற்குள் குடிபெயர்ந்துவிடுவார்கள்.

ஏலம் என்றதும் மவுன்ட் ஹோப் பற்றிச் சொல்லியாகவேண்டும். ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பர்லினை விட்டுவிட்டு புதன்கிழமை கால்நடை ஏலத்துக்குப் போங்கள். ஆடு, மாடு, கோழி, முயல், வைக்கோல் சுமை எல்லாம் போகும். ஏலக்காரர் மூச்சு விடாமல் பாடும் பாட்டில் எண்கள் மட்டும்தான் பிடிபடும். படிக்கட்டுப் படிக்கட்டான இருக்கைகளில் வைக்கோல் தொப்பிகள் அசையாமல் இருக்கும். புருவம் ஒன்று ஏறும், கன்றுக்குட்டி விற்றுப்போகும். மூக்கு அரித்தும் கையைத் தூக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆங்கிலம், பென்சில்வேனியா டச்சு, மாட்டுக் குரல், சாணி வாசனை எல்லாம் கலந்து வரும்போது அது சுற்றுலாத் தலமாகவே தோன்றாது. அதனால்தான் பிடிக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. உருளைக்கிழங்கு மசியல், அதன் மேல் முட்டை நூடுல்ஸ், அதன் மேல் கோழிக் குழம்பு. மாவுக்கு மேல் மாவு. காலையிலிருந்து வைக்கோல் கட்டு தூக்கியவனுக்கு சரி, காரில் உட்கார்ந்து வந்தவனுக்கு அது தூக்க மாத்திரை. காரம் என்ற சொல்லுக்கே அங்கே வேலை இல்லை. கைப்பையில் ஊறுகாய் பாட்டில் எடுத்துப் போவது எங்கள் வழக்கம். வழிபாடு முடிந்த பின் ரொட்டியில் தடவும் வேர்க்கடலைக் கலவை ஒன்று உண்டு. வேர்க்கடலை வெண்ணெயோடு மார்ஷ்மெல்லோ பசையும் சர்க்கரைப் பாகும் சேர்த்தது. என் மகன் அதற்காக மதம் மாறத் தயார்.

சீஸ் வேறு விஷயம். சார்ம் என்ற குட்டி ஊருக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் குகிஸ்பர்க் சீஸ் ஆலை இருக்கிறது. சுவிட்சர்லாந்திலிருந்து 1947-ல் வந்த ஆல்ஃபிரட் குகிஸ்பர்க், ஆமிஷ் பண்ணைகளின் பாலை வைத்து 1960-களில் பேபி ஸ்விஸ் என்ற வகையை உருவாக்கினார். ஆடை எடுக்காத பால், குறைந்த காலம் பழுக்க விடுவது. அதனால் ஓட்டைகள் சின்னதாக, சுவை மென்மையாக இருக்கும். அந்த ஓட்டைகளே பாக்டீரியா விடும் காற்றுக் குமிழிகள்தான். அமெரிக்க சீஸ் போட்டியில் 2015-லும் 2019-லும் முதல் பரிசு இந்த நிறுவனத்துக்குத்தான் போனது. கண்ணாடிக்குப் பின்னால் வேலை நடப்பதைக் காலையில் போனால் பார்க்கலாம். பேபி ஸ்விஸை தோசைக்கல்லில் போட்டுப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே வருகிறது.

தலைநகர் மில்லர்ஸ்பர்க். 1880-களில் கட்டிய மணற்கல் நீதிமன்றம், 1847-லிருந்து நடக்கும் ஒரு ஹோட்டல், 28 அறை கொண்ட பழைய மாளிகை அருங்காட்சியகம். வால்மார்ட்டில் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் குதிரை கட்டக் கொட்டகை. ரயில் நின்றுபோன தடத்தைப் பாதையாக மாற்றியிருக்கிறார்கள், ஒரு பக்கம் சைக்கிளுக்கும் நடப்பவருக்கும், இன்னொரு பக்கம் குதிரை வண்டிக்கு. ஞாயிறு மாலை அதில் சைக்கிள் ஓட்டினால் இணையாக ஒரு வண்டி டக்டக்கென்று வரும், உள்ளே இருக்கும் இளைஞனும் பெண்ணும் நேரே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாமும் நேரே பார்க்கவேண்டும். முகம் தெரியப் படம் எடுக்காதீர்கள், அவர்களுக்கு அது பிடிக்காது. கேமரா நீட்டப்படுவதை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை ஒருமுறை பார்த்தால் போதும், அப்புறம் தானாகவே உள்ளே வைத்துவிடுவீர்கள்.

மேற்குப் பக்கம் சுற்றுலாக் கூட்டம் வராது. கிளென்மான்ட் அருகே 1863 ஜூனில், உள்நாட்டுப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு கூடாது என்று நூற்றுக்கணக்கான விவசாயிகள் கல்லரண் எழுப்பித் துப்பாக்கியோடு உட்கார்ந்தார்கள். படை வந்ததும் கொஞ்சம் சுட்டுவிட்டுக் கலைந்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு 'ஃபோர்ட் ஃபிசில்' என்று பெயர் நின்றுவிட்டது, தமிழில் புஸ்வாணக் கோட்டை. வடக்கே கில்பக் ஓடையை ஒட்டிய சதுப்பு நிலம், 5,000 ஏக்கருக்கு மேல், ஒஹாயோவின் உள்நாட்டுச் சதுப்புகளில் பெரியது. மார்ச்சில் வாத்துக் கூட்டம் இறங்கும். வெண்தலைக் கழுகு பார்த்தே தீருவேன் என்று மூன்று முறை போய் நான்காம் முறை பார்த்தேன். அது ஒரு பட்ட மரத்தில் உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். முதல் பயணத்தில் அதைத்தான் செய்தோம். சீஸ் கடை மூடல், மரக்கடை மூடல், உணவகம் மூடல். பெட்ரோல் பங்கில் உறையிட்ட சாண்ட்விச் வாங்கி, ஒரு வயல் ஓரம் நிறுத்திச் சாப்பிட்டோம். ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் வழிபாடு முடிந்து போய்க்கொண்டிருந்தன. எல்லோரும் கையசைத்தார்கள். பக்கத்து கவுன்ட்டியின் ஷுகர்க்ரீக்கிலிருந்து 1890 முதல் வரும் 'தி பட்ஜெட்' என்ற வாரப் பத்திரிகையை அந்த பெட்ரோல் பங்கில்தான் முதலில் பார்த்தேன். அமெரிக்கா முழுக்க இருக்கும் ஆமிஷ் ஊர்களிலிருந்து எழுதும் கடிதங்கள்தான் அதில் செய்தி. மழை பெய்ததா, யார் வீட்டில் வழிபாடு, யாருக்குக் குழந்தை, யார் ஏணியிலிருந்து விழுந்தார். வாங்கிவந்து படிக்க ஆரம்பித்தவன், தெரியாத ஊரின் தெரியாத ஆளுக்கு முட்டி சரியாகிவிட்டதா என்று அடுத்த வாரத்துக்குக் காத்திருந்தேன்.

மேஜை ஏப்ரலில் முடிந்தது. நண்பரின் பிக்கப் வண்டியை இரவல் வாங்கிப் போனேன். தச்சரும் இரண்டு மகன்களும் சேர்ந்து கவிழ்த்து ஏற்றினார்கள். அடிப்பக்கத்தில் பென்சிலில் என் பெயர் எழுதியிருந்தது, இரண்டு எழுத்தை விட்டுவிட்டு. கயிற்றைக் கட்டிக்கொண்டே எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று கேட்டார். கொலம்பஸ், 90 மைல் என்றேன்.

"குதிரைக்கு ஆகாது," என்றார்.

அவருக்கு எட்டுப் பிள்ளைகள். ஏழு பேர் வண்டி தூரத்தில். ஒருவன் மட்டும் நிலம் மலிவு என்று கென்டக்கிக்குப் போய்விட்டான். வருடத்துக்கு இரண்டு தடவை வேன் பேசிப் போய்வருகிறார்களாம். அதைச் சொல்லும்போது முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கள் அப்பா அம்மா எங்கே இருக்கிறார்கள்?"

"இந்தியாவில். விமானத்தில் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அப்புறம் பட்டறைக்குள் போய் ஒரு பழைய போர்வையை எடுத்துவந்து, மேஜைக்கால் தகரத்தில் உரசாதபடி நான்காக மடித்து இடையில் செருகினார்.

"அடுத்த தடவை வரும்போது கொண்டுவாருங்கள்," என்றார்.